மிஞ்சும் பால்

தனியாக இருப்பவர்களுக்கு ஏற்ற அளவில் யாரும் பால் பாக்கெட் போடுவதில்லை. எங்கள் தெருமுனைக் கடையில் கிடைப்பதிலேயே சிறியது அரை லிட்டர். காலையில் ஒரு தேநீர், மாலையில் ஒரு தேநீர் என்று இருப்பவளுக்கு அது மூன்று நாளுக்கு வரும். ஆனால் இரண்டாம் நாள் மாலையே, ஃபிரிட்ஜுக்குள் இருந்தாலும், வாசனை மாறத் தொடங்கிவிடும். மூன்றாம் நாள் அடுப்பில் வைத்தால் திரிந்து போகும். உறை ஊற்றிப் பார்த்தேன். ஒருத்தி எவ்வளவு தயிர்தான் சாப்பிடுவாள்? பின்வாசல் பூனைக்கு வைத்தேன்; அது தன் சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. பல வருடங்களாக இந்தச் சின்ன விஷயத்துக்கு எனக்கு வழி தெரியவில்லை.

என் தம்பி வந்து தங்கியிருந்த மாதங்களில் மட்டும் பால் மிஞ்சவே இல்லை.

பாலைப் பற்றிப் பேசவா போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் வந்தீர்கள் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. இல்லை. என் தம்பி இறந்ததை விபத்து என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். வாயைக் கட்ட முடியாத மனிதன், மருந்தின் அளவு மீறிப் போய், துணையில்லாத அறையில் இறந்துவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் துணையில்லாத அறை என்பது மட்டும்தான் சரி. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவள். ஒரு விடை தப்பாக இருக்கிறது என்று தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதைத் திருத்தத்தான் வந்தேன். கஷ்டமான விஷயம் ஒன்றும் இல்லை. வரிசையாகச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

என் தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரன். தெருவில் எல்லோருக்கும் அவன் 'கப்பல்'. வருடத்தில் ஒரு முறை வருவான். நாலைந்து நாள் இருப்பான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கிளம்பும் தேதியைச் சொல்லிவிடுவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "கப்பலைக் கட்டிக்கிட்டாச்சு, ரெண்டாவது வீடு வைக்கிற வசதி இல்ல" என்பான். நானும் செய்துகொள்ளவில்லை. என்னிடம் யாரும் காரணம் கேட்டதில்லை.

கடைசியாக வந்தபோது தேதி சொல்லவில்லை. இடது காலின் சுண்டுவிரல் ஓரத்தில், புது பூட்ஸ் கடித்த கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. உளுந்து அளவு. கப்பலில் சோதித்ததில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்ததாம். இன்சுலின் எழுதிக் கொடுத்து, புண் ஆறி, சர்க்கரை ஒழுங்குக்கு வந்த பிறகுதான் மறுபடி ஏறலாம் என்று இறக்கிவிட்டார்கள்.

"பத்து நாள்ல ஓடிடுவேன்க்கா. அதுவரைக்கும் உன் அடுப்பை என்கிட்ட விடு" என்றான்.

அடுப்பை விட்டேன். அன்றிலிருந்து வீட்டில் சத்தம் வந்தது. அதை உங்களுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. நான் தனியாக இருக்கும்போது என் வீட்டில் கேட்கிற சத்தங்கள் எல்லாம் நான் செய்கிற சத்தங்கள்தான். டம்ளரை வைத்தால் டம்ளர் சத்தம். குழாயைத் திறந்தால் தண்ணீர் சத்தம். நான் உட்கார்ந்துவிட்டால் வீடும் உட்கார்ந்துவிடும். அவன் வந்த பிறகு, நான் அறைக்குள் சும்மா படுத்திருக்கும்போதே சமையலறையில் கரண்டி விழும். அவன் கரண்டியைத் திட்டுவான். வெங்காயத்திடம் பேசுவான். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே நான் சில நாள் வேலைக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன்.

அவன் சமைத்ததில் சர்க்கரை கிடையாது. இதை நீங்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அளவாகச் சமைத்தான், அளவாகச் சாப்பிட்டான். ஒரு பெரிய கப்பலுக்கே அளவு பார்த்துப் பழகியவன். ஒரு வயிற்றுக்கு அளவு பார்ப்பது அவனுக்கு விளையாட்டு மாதிரி. எனக்கு மட்டும் தேநீரில் சர்க்கரை போட்டுக் கொடுப்பான். என் தேநீரை அவன் ருசி பார்த்ததே இல்லை. ஆவியின் வாசனையிலேயே சர்க்கரை போதுமா என்று சொல்லிவிடுவான்.

இன்சுலினை அவனே தொடையில் போட்டுக்கொள்வான். பேனா மாதிரி இருக்குமே, அது. ஃபிரிட்ஜின் கதவுத் தட்டிலிருந்து எடுத்ததும் முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பான். "சில்லுனு இருக்குக்கா, செத்த மீன் மாதிரி" என்பான். தினமும் அதே வார்த்தை. எனக்கும் தினமும் சிரிப்பு வந்தது.

புண் ஆறத் தொடங்கியது. ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் படர்ந்து உள்ளே வந்தது. உடம்பின் வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். காயம் பட்டதும் அங்குள்ள திசுக்கள் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். அது ஒரு கூப்பாடு மாதிரி. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளையணுக்கள் அதைக் கேட்டு வேகத்தைக் குறைத்து, குழாயின் சுவரில் உருண்டு, ஒட்டி, இரண்டு செல்களுக்கு நடுவில் உள்ள இடுக்கில் உடம்பை நெளித்து வெளியே வந்துவிடும். பிறகு கூப்பாடு வரும் திசையை நோக்கி ஊர்ந்து போகும். கிருமியைக் கண்டால் சுற்றி வளைத்து விழுங்கும். விழுங்கியதன்மேல் உள்ளுக்குள்ளேயே துணி வெளுக்கும் திரவம் போன்ற ஒன்றைத் தயாரித்து ஊற்றும். கிருமி சாகும்; அணுவும் சாகும். அடுத்து வேறொரு பெரிய வகை அணு வந்து, செத்ததையெல்லாம் தின்று இடத்தைச் சுத்தம் செய்யும். இடம் சுத்தமானதும் அதே அணு குணம் மாறி, 'சண்டை போதும், கட்டுகிற வேலை தொடங்கட்டும்' என்று வேறு சேதி அனுப்பும். அதற்குப் பிறகுதான் தோல் வளரும். யாரும் மேற்பார்வை பார்ப்பதில்லை. எல்லாம் தானாக நடக்கிறது. இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை.

ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அவன் பெட்டி அலமாரியிலிருந்து இறங்கிக் கட்டிலின்மேல் திறந்து கிடந்தது. அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். புண் இன்னும் ஒரு வாரத்தில் மூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"பழைய கப்பலே கிடைச்சிருக்குக்கா. இந்தத் தடவை சுத்து பெரிசு. வர ரெண்டு வருஷம் ஆகும்" என்றான்.

நல்லது என்றேன். அன்று அவன் வைத்த குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். முதல் முறை நான் எதுவும் செய்யவில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு பேனாவைச் சமையலறை ஜன்னலில் மறந்து வைத்தவன் அவன்தான். மேற்கு பார்த்த ஜன்னல். எத்தனை நாள் வெயிலில் இருந்ததோ, பாத்திரத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. வேறொன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அது தீர்ந்ததும் ஜன்னலில் கிடந்ததைக் கண்டுபிடித்து, ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளிலிருந்து அதைப் போட்டான். அந்த வாரம் அவன் சர்க்கரை ஏறியது. புண்ணின் ஓரம் வெளிறி, நடுவில் மஞ்சளாக ஈரம் கட்டியது. டாக்டர் பயணத்தைத் தள்ளிப் போடச் சொன்னார். அவன் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தான்.

காரணம் எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. இன்சுலின் என்பது மடிந்து மடிந்து ஓர் உருவத்துக்கு வந்த புரதச் சங்கிலி. அந்த உருவம்தான் அதன் வேலை. சூட்டில் மடிப்பு குலைந்தால் வேலை போய்விடும். பால் கெட்டால் வாசனை காட்டிக் கொடுக்கும். இன்சுலின் கெட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதே நிறம், அதே தெளிவு. மறுபடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், கன்னத்தில் வைத்தால் சில்லென்றுகூட இருக்கும்.

சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் சமையலறைக்குப் போனேன். அவன் வெங்காயத்திடம் பேசிக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

அடுத்த பேனாவை நான்தான் ஜன்னலில் வைத்தேன்.

அவன் சாப்பாட்டில் கை வைக்க முடியாது என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். அந்த மூக்கையும் நாக்கையும் ஏமாற்ற முடியாது. சர்க்கரை அளக்கும் கருவியிலும் நான் கை வைக்கவில்லை. எண்கள் எல்லாம் உண்மையான எண்கள். எண்களில் பொய் சொல்வது என் தொழிலுக்குச் செய்கிற துரோகம். அதை நான் எந்நாளும் செய்ததில்லை. மருந்தையும் முழுக்கச் சாகவிடவில்லை. அது முழுக்கச் செத்தால் ஆளே மயங்கி விழுந்துவிடக்கூடும். பாதித் தூக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். எதையும் நான் பொறுப்பாகச் செய்கிறவள்.

சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் அந்த வெள்ளையணுக்களுக்கு என்ன ஆகிறது என்று அவனுக்கு ஒரு முறை காட்டினேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாள்களில் அது ஒன்று. பரிசோதனைக் கூடத்துக்கு விடுமுறை. சாவி என்னிடம் இருந்தது. அவனை நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார வைத்து, அவன் விரலில் ஒரு சொட்டு, என் விரலில் ஒரு சொட்டு எடுத்தேன். வெதுவெதுப்பான இரண்டு கண்ணாடித் தகடுகளில் வைத்தேன். விழுங்குவதற்கு ஏதாவது வேண்டுமே என்று கொஞ்சம் ஈஸ்ட் கலந்தேன்.

"ரொட்டிக்குப் போடுற ஈஸ்ட்டா? அடிப்பாவி. நான் பொங்க வைக்கிறதை நீ இவனுங்களுக்குத் தீனி போடுறியா" என்றான்.

முதலில் என்னுடையதைப் பார்த்தான். என் அணுக்கள் முன்பக்கத்தை நீட்டி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி போய்க்கொண்டிருந்தன. ஒன்று அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஈஸ்ட்டை வாரி விழுங்கியது. கைதட்டினான். பிறகு தகட்டை மாற்றினேன். அவன் அணுக்கள் இருந்த இடத்திலேயே நெளிந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் கிளம்பியது. அதுவும் ஈஸ்ட் இல்லாத பக்கமாகப் போனது.

அவன் ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு சொன்னான்: "அக்கா, இவன் நம்ம பெரியப்பா மாதிரி இருக்கான். சண்டையெல்லாம் முடிஞ்ச பிறகு வந்து சட்டையைக் கழட்டுவாரே."

நான் சிரித்த சிரிப்பில் நாற்காலி நகர்ந்தது. அதைவிடச் சரியாக எந்தப் புத்தகமும் இதைச் சொன்னதில்லை. ஆகவே பெரியப்பாவை வைத்தே அவனுக்கு மீதியை விளக்கினேன். சர்க்கரை மிகுந்தால் அணுவுக்குக் கூப்பாடு சரியாகக் கேட்காது. தாமதமாகக் கிளம்பும், திசை தப்பும். கிருமியைக் கொல்லும் திரவம் தயாரிக்க ஓர் எரிபொருள் வேண்டும். அதே எரிபொருளைச் செல் மிஞ்சிய சர்க்கரையை அப்புறப்படுத்தச் செலவழித்துவிடும். ஆகவே பெரியப்பா வந்து சேரும்போது கையில் கம்பு இருக்காது.

"வந்துட்டு சும்மா இருப்பாரா?" என்றான்.

அதுதான் விஷயமே என்றேன். சும்மா இருக்க மாட்டார். எல்லோரும் நினைப்பது சர்க்கரை மிகுந்தால் உடம்பின் காவல் தளர்ந்துவிடும் என்று. பாதிதான் சரி. காவல் தளரவும் செய்கிறது, அதே சமயம் கோபமும் அடங்காமல் போகிறது. கிருமி இல்லாத இடத்தில்கூட அந்த அணுக்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும். சில தங்கள் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருக்கும் இழைகளை வலை மாதிரி வெளியே வீசிவிட்டுச் சாகும். அந்த வலை கிருமியை விடப் புதுத் தோலைத்தான் அதிகம் தடுக்கும். சுத்தம் செய்ய வரும் பெரிய அணு இருக்கிறதே, அது குணம் மாறவே மாறாது. 'சண்டை போதும்' என்ற சேதியை அனுப்பாது. சட்டையைக் கழற்றிய பெரியப்பா வீட்டுக்குப் போக மாட்டார். பாத்திரத்தை உடைப்பார், வாசலை மறிப்பார். அவர் போகாமல் கொத்தனார் உள்ளே வர முடியாது. புண் திறந்தே இருக்கும்.

"சர்க்கரை குறைஞ்சா இவனுங்க திருந்துவானுங்களா?"

"திருந்துவாங்கடா. பழசு சாகும், புதுசு வந்துகிட்டே இருக்கும். சில நாள் போதும்."

"அப்ப சரி. நம்பிக்கை இருக்கு" என்றான்.

இருக்கு என்று நானும் சொன்னேன். திரும்பும்போது இருவரும் நடந்தே வந்தோம். அவன் நொண்டியதால் மெதுவாக நடந்தோம். வழி நெடுக அவன் தெருவில் போகிறவர்களில் யார் பெரியப்பா, யார் கொத்தனார் என்று காட்டிக்கொண்டே வந்தான்.

சர்க்கரை குறையாததால் டாக்டர் இன்சுலின் அளவை ஏற்றினார். குறையவில்லை. மறுபடி ஏற்றினார். அந்த அம்மாள் நல்ல டாக்டர். புண்ணைத் தொடும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்துத் தொடுவார். ஆனால் முன்னால் உட்கார்ந்திருப்பவன் சமையல்காரன். மருந்து ஏறுகிறது, சர்க்கரையும் ஏறுகிறது என்றால் யாருக்கும் என்ன தோன்றும்? அவருக்கும் அதுதான் தோன்றியது.

"ருசி பார்க்கிறதும் சாப்பிடுறதுதான். வாயைக் கட்டலைன்னா நான் என்ன மருந்து குடுத்தும் வேஸ்ட்டு" என்றார்.

"சத்தியமா ஒண்ணும் சாப்பிடலம்மா. அக்காவைக் கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க வீட்ல கவனிக்கிறீங்களா?"

"என்னால ஆனதைப் பண்றேன்" என்றேன். அது உண்மை. அவர் தலையை ஆட்டினார். என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

கிருமி எலும்புக்குள் போய்விட்டது. சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. வார்டில் அவன் இருந்த நாள்களில் ஆஸ்பத்திரியின் இன்சுலினைத்தான் போட்டார்கள். சர்க்கரை மளமளவென்று இறங்கியது. வெட்டிய இடம் அழகாகச் சேரத் தொடங்கியது. டாக்டர் அவன் கட்டிலருகே நின்று, "பார்த்தீங்களா? சமையல்கட்டு இல்லாத இடத்துல எப்படி இறங்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவனுக்கு ஆரஞ்சு தோல் உரித்துக்கொண்டிருந்தேன். அவன் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

அந்தச் சமயத்தில் நிறுத்தியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். ஒன்பது விரலோடும் கப்பலில் நிற்கலாம் என்று அவன் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பழையபடி ஏறியது. டாக்டர் பழையபடி அளவை ஏற்றினார், இந்த முறை இன்னும் மேலே. அப்போதுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவன் தன்னையே சந்தேகப்படத் தொடங்கினான்.

ஒரு மதியம் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, ஒண்ணு கேட்பேன், சிரிக்கக் கூடாது. தூக்கத்துல எழுந்து போய் சாப்பிடுறேனா நான்?"

"ஏன்டா?"

"கப்பல்ல ஒருத்தன் அப்படித்தான். எழுந்து வந்து பச்சை மாவைத் தின்னுட்டு மறுபடி படுத்துப்பான். காலையில கேட்டா ஒண்ணும் தெரியாது. எனக்கும் அப்படி இருக்குமோ? நீ ஏதாவது சத்தம் கேட்டிருக்கியா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். இல்லை என்று சொன்னால் அவன் வேறு காரணம் தேடுவான். சமையல்காரர்கள் அப்படித்தான், எங்கே தப்பு என்று ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் பேனாவைத் தொடுவான்.

"ஒரு நாள் பாத்திரச் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு" என்றேன். "பூனையா இருக்கும்னு நினைச்சேன்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து போய், சமையலறைக் கதவின் சாவியைக் கொண்டு வந்து என் கையில் வைத்தான். "என்னை உள்ள விடாதே" என்றான்.

அன்றிலிருந்து நான் சமைத்தேன். எனக்குச் சமையல் வராது. அவன் அதைக் குறை சொல்லவில்லை, எதையுமே சொல்லவில்லை. வைத்ததில் பாதியைச் சாப்பிட்டான். தனக்கே தண்டனை கொடுப்பது மாதிரி அதையும் வரவரக் குறைத்தான். கரண்டி விழவில்லை. யாரும் வெங்காயத்திடம் பேசவில்லை. பேனாவைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதும் நின்றுவிட்டது. எடுத்துக் கொடுத்தால் வாங்குவான், போடுவான், திருப்பிக் கொடுப்பான். சாயங்காலங்களில் ஹாலில் இருவரும் இருப்போம். டம்ளரை வைத்தால் டம்ளர் சத்தம். நான் உட்கார்ந்துவிட்டால் வீடும் உட்கார்ந்துவிடும். அவன் எதிரில்தான் இருந்தான்.

இதில் எனக்கு வருத்தம் உண்டு. நான் வைத்துக்கொள்ள நினைத்தது அந்தத் தம்பியை அல்ல. ஆனாலும் ஆள் இருந்தான். பால் மிஞ்சவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவன் கிளம்பினான். கப்பலுக்கு அல்ல, துறைமுகத்துப் பக்கம் மாலுமிகள் தங்கும் விடுதிக்கு. "அங்க அடுப்பே கிடையாதுக்கா. ரூமுக்கு ரெண்டு பேரு. எழுந்து நடந்தா கூட இருக்கிறவன் பிடிச்சுப்பான். உன்னையும் எத்தனை நாள் காவல் காக்க வைக்கிறது" என்றான். இரண்டு சட்டை மட்டும் எடுத்துக்கொண்டான். வாசல் வரை போய்த் திரும்பி, "உனக்கு ரொம்பத் தொல்லை குடுத்துட்டேன்" என்றான். நான் இல்லை என்றேன். ஃபிரிட்ஜிலிருந்த பேனாவை இருவருமே மறந்துவிட்டோம்.

அவனுக்கு அன்று கிடைத்தது ஒற்றை அறை. கூட இருக்க வேண்டியவனின் கப்பல் வந்து சேரவில்லையாம். இருட்டுவதற்கு முன்னால் எனக்கு ஃபோன் செய்தான்.

"பேனாவை அங்கயே விட்டுட்டேன்க்கா. பரவால்ல, வர்ற வழியில மருந்துக் கடையில புதுசு வாங்கிட்டேன். ஐஸ் போட்டுப் பொட்டலம் கட்டிக் குடுத்தான். செத்த மீன்தான்." ரொம்ப நாளுக்குப் பிறகு அவன் குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. "டாக்டர் கடைசியா சொன்ன அளவேதானே போடணும்? அதை மாத்த வேணாமில்ல?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் கடைசியாகச் சொன்ன அளவு, பாதி செத்த மருந்துக்காக ஏற்றி ஏற்றி வந்த அளவு. உயிருள்ள மருந்தில் அந்த அளவைப் போட்டால், ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையெல்லாம் விடிவதற்குள் வழித்தெடுத்துவிடும். மூளைக்கு வேறு சாப்பாடு கிடையாது. இது எனக்கு அந்த நிமிடம் தெரியும். கண்டுபிடிக்க யோசிக்கக்கூடத் தேவையில்லை.

"என்ன சாப்பிட்ட?" என்று கேட்டேன்.

"ரெண்டு துண்டு ரொட்டி. அதுக்கு மேல தொடல" என்றான். அதைப் பெருமையாகச் சொன்னான்.

பாதி அளவு போடு என்று நான் சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பான். அதே கரண்டியில் அதே உப்பைப் போட்டும் கரித்தால், உப்பை மாற்றியது யார் என்றுதான் சமையல்காரன் முதலில் கேட்பான். சாவியை என் கையில் வைத்தது, விரல், டாக்டர் சொன்ன பேச்சு எல்லாம் ஒவ்வொன்றாக அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும். அதற்குப் பிறகு அவன் எனக்கு ஃபோன் செய்ய மாட்டான். எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் செய்ய மாட்டான்.

"டாக்டர் சொன்ன அளவேதான்" என்றேன். "இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுட்டுப் போடு."

"சரிக்கா."

"சாப்பிட்டுட்டுப் போடு" என்று இன்னொரு முறையும் சொன்னேன். அவன் மறுபடி சரி என்று வைத்துவிட்டான்.

காலையில் விடுதிக்காரர் கதவைத் திறந்தார். மீதி உங்களுக்குத் தெரியும்.

ஆகவே வாயைக் கட்ட முடியாத மனிதன் என்பதை நீங்கள் அடித்துவிட வேண்டும். அவன் ஒரு நாளும் ஒரு துளி சர்க்கரை திருடிச் சாப்பிட்டதில்லை. மருந்தின் அளவையும் அவன் மீறவில்லை, கேட்டுத்தான் போட்டான். அவன் மருந்தைக் கெடுத்தது நான். அவன் விரல் போனது என்னால். அந்த அளவு அவனைக் கொல்லும் என்று தெரிந்தே அதைப் போடச் சொன்னதும் நான்தான். சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னேன், அதையும் இரண்டு முறை சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓர் அக்கா சொல்ல வேண்டியதை நான் சொல்லாமல் இருக்கவில்லை.

இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் கேட்டதற்கு நன்றி. இப்படி உட்கார்ந்து ஒருவருக்கு விளக்கிச் சொல்லி வெகுநாளாகிவிட்டது. அந்த டாக்டர் அம்மாளிடமும் தயவு செய்து சொல்லிவிடுங்கள், அவருடைய மருந்தில் தப்பில்லை என்று.

பால் விஷயத்துக்குப் போன வாரம்தான் வழி கிடைத்தது. இத்தனை வருடம் எப்படித் தோன்றாமல் போனது என்று தெரியவில்லை. அவ்வளவு சின்ன விஷயம். பாக்கெட்டை வாங்கிய உடனேயே பாதியை ஒரு டப்பாவில் ஊற்றி ஃபிரீசரில் உறைய வைத்துவிட வேண்டும். மற்ற பாதி தீர்ந்ததும் அதை எடுத்து இளகவிட்டுக் காய்ச்ச வேண்டும். கெடுவதே இல்லை. ஓர் ஆளுக்குச் சரியாக இருக்கிறது.